ஆண்குறி டாப்ளர் பரிசோதனை

ஆண்குறி டாப்ளர் பரிசோதனை என்பது ஆண்குறிக்குள் குருதி பாய்ந்து வருவதையும், வந்த குருதி அங்கே தங்கி நிற்பதையும் மீயொலி அலைகளைக் கொண்டு அளக்கும் மருத்துவச் சோதனை ஆகும். விறைப்புக் குறைபாடு உள்ள ஒருவருக்கு அதன் காரணம் இரத்தக் குழாய்களில் உள்ளதா, உள்ளதெனில் குருதியைக் கொண்டுவரும் தமனியிலா, வெளியேற்றும் சிரையிலா என்பதை அறிய இது உதவுகிறது. ஸ்கேன் நிலையங்களில் இது "பீனைல் டாப்ளர்" என்ற பெயரில் அறியப்படுகிறது. சாதாரண வயிற்று ஸ்கேனைப் போலன்றி, இதில் ஆண்குறியில் ஒரு மருந்தை ஊசி மூலம் செலுத்தி, விறைப்பு உண்டாகும் நேரத்திலேயே அளவெடுக்கிறார்கள்.

விறைப்புக் குறைபாட்டை நம் ஊர்களில் "ஆண்மைக்குறைவு", "நரம்புத் தளர்ச்சி" என்ற பெயர்களால் குறிப்பிடுவதால், அது உடல் வலிமையையோ நரம்பையோ மட்டும் சார்ந்த கோளாறு என்ற எண்ணம் பரவியுள்ளது. நடுவயதைக் கடந்தவர்களிடம் பல நேரங்களில் அது இரத்தக் குழாய் நோயின் வெளிப்பாடாக இருக்கிறது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவை இதயத் தமனிகளைக் கெடுக்கும் அதே வழியில் ஆண்குறியின் தமனிகளையும் கெடுக்கின்றன. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் போன்ற தொழில் ஊர்களில் இக்குறையை மறைத்து வைப்பவர்கள், அதற்குப் பின்னால் உள்ள நோயையும் சேர்த்தே மறைத்து வைக்க நேர்கிறது.

வரலாறு

ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர், நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறுவதை 1842-இல் விளக்கினார். ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் மீயொலியிலும் இந்த மாற்றம் ஏற்படுவதால், அதைக் கொண்டு குருதியின் வேகத்தைக் கணக்கிட முடிகிறது. நீரிழிவு நோயாளிகளின் ஆண்குறித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் டாப்ளர் கருவியால் ஆராய்ந்த ஏபல்சனின் கட்டுரை 1975-இல் வெளிவந்தது. ஆனால் தளர்ந்த நிலையில் எடுத்த அளவுகள் விறைப்பு நேரத்தில் நடப்பதைச் சரியாகக் காட்டவில்லை.

பிரெஞ்சு மருத்துவர் ரொனால்டு விராக், பாப்பாவெரின் என்ற மருந்தை ஆண்குறியில் செலுத்தினால் விறைப்பு உண்டாவதை 1982-இல் அறிவித்தார். மறு ஆண்டு அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த சிறுநீரியல் மாநாட்டில், பிரித்தானிய ஆய்வாளர் கைல்ஸ் பிரிண்ட்லி இத்தகைய ஊசியின் விளைவைத் தம் உடலிலேயே காட்டினார். 1985-இல் சான் பிரான்சிஸ்கோவில் டாம் லூ குழுவினர் பாப்பாவெரின் ஊசியையும் டாப்ளர் அளவீட்டையும் இணைத்தனர். இன்று நடைமுறையில் உள்ள சோதனை அதன் தொடர்ச்சியே.

இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் செய்தியை உடலுக்குள் கொண்டு செல்வது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு. இதைக் கண்டறிந்ததற்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராத் ஆகிய மூவருக்கும் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த வழியில் செயற்படும் சில்டெனாபில் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் அதே ஆண்டில்தான். மாத்திரை வந்த பிறகு டாப்ளர் சோதனையின் தேவை குறைந்தது. இன்று அது எல்லாருக்குமான முதல் சோதனையாக இல்லை. குறிப்பிட்ட கேள்விகளுக்கு விடை தேடும் சோதனையாகவே உள்ளது.

விறைப்பு உண்டாகும் விதம்

ஆண்குறியின் உள்ளே பஞ்சு போன்ற திசுவாலான இரண்டு உருளைகள் பக்கம்பக்கமாக அமைந்துள்ளன. ஒவ்வோர் உருளையின் நடுவிலும் ஒரு மெல்லிய தமனி ஓடுகிறது. இது குகைத் தமனி எனப்படும். தளர்ந்த நிலையில் அதன் விட்டம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். பாலுணர்வு தூண்டப்படும்போது நரம்பு முனைகளும் குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன. தசைகள் தளர்கின்றன, தமனி விரிகிறது, பஞ்சுத் திசுவுக்குள் குருதி வேகமாகப் பாய்கிறது. திசு பருக்கும்போது அதைச் சுற்றியுள்ள கெட்டியான உறை இழுபட்டு, வெளியேறும் சிரைகளை அழுத்தி மூடுகிறது. உள்ளே வந்த குருதி தங்குவதால் விறைப்பு நிலைக்கிறது.

இதைக் கண்மாயோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். கண்மாய் பெருக வரத்துக்கால் தூர்ந்து போகாமல் இருக்க வேண்டும். பெருகிய நீர் தங்க மடை நன்றாக அடைபட்டிருக்க வேண்டும். வரத்து குறைந்தால் அது தமனிக் குறைபாடு. மடை மூடாவிட்டால் அது சிரைக் கசிவு. டாப்ளர் சோதனை இந்த இரண்டையும் தனித்தனியே அளக்கிறது.

இரத்தக் குழாய் கெடுவதற்கான காரணங்கள்

நீரிழிவு இவற்றில் முதன்மையானது. அது தமனியின் உட்சுவரை மட்டுமன்றி நரம்புகளையும் பஞ்சுத் திசுவையும் பாதிக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவும், 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருப்பதாக 2023-இல் தெரிவித்தது. புகைபிடித்தல், மிகைக் கொழுப்பு, உடற்பருமன், உடலுழைப்பின்மை, நாட்பட்ட சிறுநீரக நோய் ஆகியவையும் தமனிகளைக் குறுக்குகின்றன.

காயங்கள் வேறொரு வகை. இடுப்பெலும்பு முறிவின்போது ஆண்குறிக்குச் செல்லும் தமனி அறுபடவோ நசுங்கவோ கூடும். மதுரையிலிருந்து கன்னியாகுமரி செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 விருதுநகர், சாத்தூர் வழியே செல்கிறது. சாலை விபத்தில் இடுப்பெலும்பு முறிந்த இளைஞர் ஒருவருக்கு எலும்பு கூடிய பிறகும் விறைப்பு திரும்பவில்லை என்றால், டாப்ளர் சோதனை உண்மையான பயன் தரும் இடங்களில் அது ஒன்று. பட்டாசு ஆலை விபத்துகளில் தொடையிடுக்கிலும் பிறப்புறுப்பிலும் ஆழமான தீக்காயம் பட்டவர்களுக்குத் தழும்பு இறுக்கம், வலி, மன அதிர்ச்சி ஆகியவை கலந்து நிற்கும். அவர்களிடம் குருதி ஓட்டம் கெடவில்லை என்று தெரிந்தாலே சிகிச்சையின் திசை மாறிவிடும்.

சோதனைக்கு முன்

மருத்துவர் முதலில் கேட்பது நோயாளியின் வரலாற்றை. குறை திடீரென்று வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா? அதிகாலையில் தானாக விறைப்பு ஏற்படுகிறதா? எல்லாச் சூழலிலும் இக்குறை உள்ளதா, குறிப்பிட்ட சூழலில் மட்டுமா? அதிகாலை விறைப்பு நன்றாக இருந்து, உறவின்போது மட்டும் தவறுகிறது என்றால் குழாய்களும் நரம்புகளும் பெரும்பாலும் நலமாகவே இருக்கும்.

பின்னர் இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு அளவு, காலை நேர டெஸ்டோஸ்டிரோன் அளவு ஆகியவை பார்க்கப்படுகின்றன. நோயாளி உண்ணும் மாத்திரைகளின் பட்டியலும் தேவை. சில இரத்த அழுத்த மாத்திரைகளும் மனநோய் மருந்துகளும் விறைப்பைக் குறைக்கலாம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும், அரிவாள் செல் சோகை அல்லது இரத்தப் புற்றுநோய் உள்ளவர்களும் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இவர்களுக்கு இரத்தக்கட்டும் நீடித்த விறைப்பும் ஏற்படும் வாய்ப்பு கூடுதல்.

செய்முறை

சோதனை அமைதியான, கதவடைத்த அறையில் நடக்கிறது. நோயாளி மல்லாந்து படுக்க, ஆண்குறியை வயிற்றின் மேல் சாய்த்து வைத்து அடிப்பக்கத்தில் பசையைத் தடவி, மேலோட்டமான உறுப்புகளைப் பார்ப்பதற்கான உயர் அதிர்வெண் துருவி வைக்கப்படுகிறது. முதலில் தளர்ந்த நிலையில் திசுவின் அமைப்பு, தழும்புக் கட்டி, சுண்ணாம்புப் படிவு ஆகியவை பார்க்கப்படுகின்றன. ஆண்குறி வளைந்து போகும் பெய்ரோனி நோயின் தழும்புகள் இந்த நிலையிலேயே தெரியக்கூடும்.

அடுத்து மெல்லிய ஊசியால் ஒரு பக்க உருளைக்குள் மருந்து செலுத்தப்படுகிறது. ஆல்ப்ரோஸ்டாடில் என்றால் வழக்கமாக 10 முதல் 20 மைக்ரோகிராம்; பாப்பாவெரின் என்றால் 30 முதல் 60 மில்லிகிராம். உருளைகள் இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதால் ஒரு பக்கம் போட்டாலே போதும். இன்சுலின் ஊசி அளவே வலி இருக்கும்.

ஊசி போட்ட ஐந்து நிமிடம் முதல், ஐந்து நிமிட இடைவெளியில், 20 முதல் 30 நிமிடங்கள் வரை இரு பக்கத் தமனிகளிலும் வேகம் அளக்கப்படுகிறது. அலைக்கும் குருதி ஓட்டத்துக்கும் இடையிலான கோணம் 60 பாகைக்கு மிகாமல் வைத்தால்தான் எண்கள் நம்பத்தக்கவையாக இருக்கும். ஒவ்வோர் அளவின்போதும் விறைப்பின் தரமும் குறித்து வைக்கப்பட வேண்டும். விறைப்பு போதாவிட்டால் தனிமையில் சிறிது நேரம் விடுவதும், மருந்தை இன்னொரு முறை செலுத்துவதும் வழக்கம்.

அளவீடுகளும் பொருளும்

அறிக்கையில் இரண்டு எண்கள் முதன்மையானவை. இதயம் சுருங்கும்போது தமனியில் குருதி எட்டும் உச்ச வேகம் ஒன்று. இதயம் தளரும் கட்டத்தின் முடிவில் எஞ்சியிருக்கும் வேகம் மற்றொன்று. உச்ச வேகம் வரத்தைக் காட்டுகிறது, இறுதி வேகம் மடை மூடியதா என்பதைக் காட்டுகிறது. முழு விறைப்பில் உள்ளழுத்தம் ஏறிவிடுவதால், இதயம் தளரும் கட்டத்தில் தமனிக்குள் குருதி நுழைய இடமிருக்காது. அப்போது இறுதி வேகம் சுழியாகும், அல்லது ஓட்டம் சற்றே பின்னோக்கித் திரும்பும்.

- உச்ச வேகம் நொடிக்கு 35 செ.மீ. அல்லது அதற்கு மேல்: தமனி வரத்து இயல்பானது.
- உச்ச வேகம் 25 செ.மீ.க்குக் கீழ்: தமனிக் குறைபாடு.
- உச்ச வேகம் 25 முதல் 35 செ.மீ. வரை: உறுதியாகச் சொல்ல இயலாத இடைநிலை, மற்ற அடையாளங்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.
- உச்ச வேகம் இயல்பாக இருந்து, இறுதி வேகம் தொடர்ந்து 5 செ.மீ.க்கு மேல்: சிரைக் கசிவுக்கான ஐயம்.

உச்ச வேகத்திலிருந்து இறுதி வேகத்தைக் கழித்து, உச்ச வேகத்தால் வகுத்தால் கிடைப்பது தடைக் குறியீடு. இது 0.9-க்கு மேல் இருந்தால் சிரைகள் நன்கு மூடுகின்றன என்றும், 0.75-க்குக் கீழ் இருந்தால் கசிவு என்றும் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, பத்து ஆண்டுகளாக நீரிழிவு உள்ள ஒருவருக்கு இரு பக்கமும் உச்ச வேகம் 18, இறுதி வேகம் சுழி என்று வந்தால் வரத்துக்கால்தான் தூர்ந்துள்ளது. இன்னொருவருக்கு உச்ச வேகம் 40, இறுதி வேகம் 12 என்று வந்தால் தடைக் குறியீடு 0.7. இங்கு வரத்து நன்றாக உள்ளது; மடைதான் மூடவில்லை. மூன்றாமவருக்கு உச்ச வேகம் 45, இறுதி வேகம் சுழிக்குக் கீழ், விறைப்பும் முழுமை என்றால் அவருடைய இரத்தக் குழாய்கள் நலமாக உள்ளன. குறைக்கான காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

தவறான முடிவுகள்

இச்சோதனையின் மிகப் பெரிய எதிரி அச்சம். அறிமுகமில்லாத அறை, ஊசி, கூச்சம் எல்லாம் சேர்ந்து உடலில் அட்ரினலினைக் கூட்டுகின்றன. அட்ரினலின் பஞ்சுத் திசுவின் தசைகளை இறுக்குவதால் ஊசி மருந்து முழுமையாக வேலை செய்வதில்லை. திசு முழுதாக விரியாதபோது சிரைகளும் மூடா. அப்போது அறிக்கையில் "சிரைக் கசிவு" என்று வரும். உண்மையில் அங்கே நோய் இருக்காது, பதற்றம்தான் இருக்கும். இளைஞர்களிடம் இது அடிக்கடி நேர்கிறது. ஒரே ஊசியோடும் ஐந்து நிமிட அளவோடும் எழுதப்பட்ட "சிரைக் கசிவு" முடிவை உறுதியானதாகக் கொள்ளாமல், தேவைப்பட்டால் மருந்தைக் கூட்டி மீண்டும் அளப்பதே சரியான முறை.

மருந்தின் அளவு, எந்த நிமிடத்தில் எந்த அளவு எடுக்கப்பட்டது, அப்போது விறைப்பு எப்படி இருந்தது ஆகிய மூன்றும் இல்லாத அறிக்கையால் பயன் குறைவு. ஊசியே போடாமல் தளர்ந்த நிலையில் மட்டும் எடுத்த ஸ்கேனைக் கொண்டு இரத்தக் குழாய்க் காரணத்தை முடிவு செய்ய இயலாது.

பக்கவிளைவுகள்

ஊசி போட்ட இடத்தில் வலி, சிறு கன்றல், சிலருக்குத் தலைசுற்றல் ஆகியவை ஏற்படலாம். கவலைக்குரியது ஒன்றே: விறைப்பு அடங்காமல் நீடிப்பது. நான்கு மணி நேரத்தைக் கடந்த விறைப்பு அவசர நிலை. உள்ளே தேங்கிய குருதியில் உயிர்வளி தீர்ந்து திசு அழியத் தொடங்கும். காலம் தாழ்த்தினால் நிரந்தரக் குறை ஏற்படும். தேங்கிய குருதியை ஊசியால் உறிஞ்சி எடுத்து, பினைலெஃப்ரின் மருந்தைச் செலுத்தி அதை அடக்குவார்கள்.

எனவே விறைப்பு தளரும் வரை நோயாளியை அங்கேயே வைத்திருக்க வேண்டும். மதுரையில் சோதனை செய்துகொண்டு சிவகாசிக்கோ இராசபாளையத்துக்கோ பேருந்தில் திரும்புபவர் வழியிலேயே மணிக்கணக்கைக் கழித்துவிடுவார். விறைப்பு அடங்கும் முன் ஊருக்குக் கிளம்பக் கூடாது. வீட்டுக்குப் போன பின் மீண்டும் ஏற்பட்டு நீடித்தால், கூச்சப்பட்டு விடியும் வரை காத்திராமல் அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். போட்ட மருந்தின் பெயரையும் அளவையும் நேரத்தையும் எழுதி வாங்கி வைத்திருப்பது அங்குள்ள மருத்துவருக்கு உதவும்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை

விறைப்புக் குறைபாடு உள்ள பெரும்பாலோருக்கு இந்தச் சோதனை தேவையில்லை. வரலாறு, உடற்பரிசோதனை, இரத்தச் சோதனை ஆகியவற்றுக்குப் பின் மாத்திரை கொடுத்துப் பார்ப்பதே முதல் வழி. மாத்திரை சரியான அளவிலும் சரியான முறையிலும் எடுத்தும் பலன் இல்லாதவர்கள், இடுப்பிலோ தொடையிடுக்கிலோ அடிபட்ட பின் குறை ஏற்பட்டவர்கள், பிறப்பிலிருந்தே முழு விறைப்பு ஏற்படாதவர்கள், ஆண்குறி வளைவுக்கு அறுவை செய்யவிருப்பவர்கள், குழாய் இணைப்பு அறுவைக்குப் பரிசீலிக்கப்படுபவர்கள் ஆகியோருக்கு இது தேவைப்படுகிறது. வலியின்றி நீடிக்கும் விறைப்பு ஏற்பட்டால், அடிபட்ட தமனியிலிருந்து குருதி கட்டுப்பாடின்றிப் பாய்கிறதா என்பதையும் டாப்ளர் காட்டிவிடும்.

திருமணத்துக்கு முன் "தேறுமா" என்று பார்த்துக்கொள்ள விரும்பும் இளைஞர்களுக்கு இச்சோதனை ஏற்றதன்று. தூக்கத்தில் விந்து வெளியேறுவதாலும் சுய இன்பத்தாலும் ஆண்மை போய்விடும் என்ற அச்சமே அவர்களில் பலரை அலைக்கழிக்கிறது. இந்த அச்சத்தால் வரும் சோர்வையும் பதற்றத்தையும் மனநல மருத்துவர் என். என். விக் 1960-இல் "தாது நோய்க்குறித்தொகுதி" என்று அடையாளப்படுத்தினார். இதற்குத் தேவை விளக்கமும் ஆற்றுப்படுத்தலும்தான். பதற்றத்தோடு செய்துகொள்ளும் ஸ்கேன் பொய்யான கசிவைக் காட்டி, இல்லாத நோயை ஒருவர் தலையில் ஏற்றிவிடலாம்.

இதயத்துக்கான முன்னறிவிப்பு

ஆண்குறித் தமனிகளின் விட்டம் 1 முதல் 2 மி.மீ.; இதயத் தமனிகள் 3 முதல் 4 மி.மீ. ஒரே அளவு கொழுப்புப் படிவு சிறிய குழாயை முதலில் அடைக்கும். அதனால்தான் நெஞ்சுவலி வருவதற்கு ஏறத்தாழ இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே விறைப்புக் குறைபாடு தலைகாட்டுவது பலரிடம் காணப்படுகிறது. நாற்பது, ஐம்பது வயதில் வேறு விளக்கமின்றி இக்குறை வருபவருக்கு டாப்ளரில் தமனிக் குறைபாடு தெரிந்தால், அடுத்து அவர் இதய நலச் சோதனைக்குச் செல்ல வேண்டும். அறிக்கையை வாங்கி மாத்திரையோடு நிறுத்திக்கொள்பவர் அதன் பாதிப் பயனை இழக்கிறார்.

சிகிச்சை

தமனிக் குறைபாட்டுக்குச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்துவது, புகையை விடுவது, நடைப்பயிற்சி ஆகியவை அடிப்படை. சில்டெனாபில், டடாலாபில் வகை மாத்திரைகள் அடுத்த படி. பலன் இல்லாதவர்களுக்கு வெற்றிடக் குழல் கருவி, தாமே போட்டுக்கொள்ளும் ஊசி, இறுதியாக உள்பொருத்து அறுவை ஆகியவை உண்டு. விபத்தில் தமனி அடைபட்ட இளைஞர் சிலருக்கு நுண்குழாய் இணைப்பு அறுவை செய்யப்படுகிறது. கசியும் சிரைகளைக் கட்டும் அறுவையின் பலன் நிலைப்பதில்லை என்பதால் அது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

இந்த மாத்திரைகளை நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மருந்துகளோடு சேர்த்து எடுக்கக் கூடாது. நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் இவ்வகையைச் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கும். சில்டெனாபில் எடுத்த 24 மணி நேரத்துக்கும், டடாலாபில் எடுத்த 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் மருந்து தரப்படுவதில்லை. ஆகவே நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்குச் செல்பவர், இத்தகைய மாத்திரை எடுத்திருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். பட்டாசுத் தொழிலில் "மருந்து" என்றாலே வெடிமருந்துக் கலவைதான். அதில் சேரும் வெடியுப்பும், முன்பு சேர்க்கப்பட்டுவந்த பேரியம் நைட்ரேட்டும் கனிம உப்புகள். பெயரில் நைட்ரேட் இருந்தாலும் அவை இதய மாத்திரைகளில் உள்ள கரிம நைட்ரேட் வகையைச் சேர்ந்தவை அல்ல.

சட்டமும் சான்றும்

இந்து திருமணச் சட்டம் 1955-இன் 12(1)(அ) பிரிவின்படி, எதிர்த்தரப்பினரின் ஆண்மையின்மையால் மணவுறவு நிறைவேறவில்லை எனில் திருமணத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். இத்தகைய குடும்ப நீதிமன்ற வழக்குகளில் டாப்ளர் அறிக்கைகள் சான்றாக வைக்கப்படுவதுண்டு. ஆனால் ஊசி மருந்தால் உண்டான விறைப்பு, இரத்தக் குழாய்கள் செயற்படக்கூடியவை என்பதை மட்டுமே காட்டும். மனத்தடையையோ நரம்புக் கோளாறையோ அது வெளிப்படுத்தாது. அதேபோல், பதற்றத்தில் எடுத்த ஒரு தோல்வியான ஸ்கேன் ஆண்மையின்மைக்குச் சான்றாகாது.

1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், பாலுறவு ஆற்றலைக் கூட்டுவதாகவும் ஆண்மையின்மையைக் குணப்படுத்துவதாகவும் மருந்துகளை விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. சில்டெனாபில் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து.

விருதுநகர்–சிவகாசி வட்டாரத்தில்

மேல் சிகிச்சை என்றால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குச் செல்வது இப்பகுதியினரின் நெடுநாள் வழக்கம். 2022 சனவரி 12 அன்று விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இந்தச் சோதனையை எங்கே செய்துகொள்வது என்பதைச் சிறுநீரியல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது. கருவி எங்கும் கிடைக்கும். ஊசி போட்டு, அரை மணி நேரம் காத்திருந்து அளந்து, நீடித்த விறைப்பு வந்தால் அடக்கத் தெரிந்தவர் இருக்கும் இடமே தேவை.

தயக்கத்துக்கு இடம் சார்ந்த காரணங்களும் உண்டு. ஸ்கேன் நிலையம் என்றாலே கருவுற்ற பெண்கள் செல்லும் இடம் என்ற எண்ணம் உள்ளது. "கருவின் பாலினம் இங்கு தெரிவிக்கப்படுவதில்லை" என்ற பலகையின் கீழ் ஓர் ஆண் தனியாக உட்கார்ந்திருப்பதே அவருக்குக் கூச்சமாக இருக்கலாம். ஒரே தெருவில் பலர் ஒரே ஆலையில் வேலை பார்க்கும் ஊரில் செய்தி பரவிவிடும் என்ற அச்சமும் இயல்பானது. நோயாளியின் விவரங்களைக் காப்பது மருத்துவரின் தொழில்முறைக் கடமை. மனைவியிடம்கூட நோயாளியின் இசைவின்றி அறிக்கையைத் தரக் கூடாது.

இந்தக் கூச்சத்தின் மேல்தான் விடுதி அறைகளில் முகாமிட்டு லேகியமும் பொடியும் விற்பவர்களின் வணிகம் நடக்கிறது. இவர்களை முறையாகப் படித்த சித்த மருத்துவர்களோடு சேர்த்து எண்ணக் கூடாது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே உள்ளது. பதிவு பெற்ற சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலும் பணியாற்றுகிறார்கள். முகவரியில்லாத பொடிகளில் உள்ள ஆபத்து வேறு. "மூலிகை" என்ற பெயரில் விற்கப்பட்ட பொருள்களில் சில்டெனாபிலும் அதன் உறவு வேதிப்பொருள்களும் கலந்திருந்ததைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் கண்டறிந்துள்ளன. இதய நோயாளி ஒருவர் அறியாமல் அதை உண்டு, நெஞ்சுவலிக்குச் சார்பிட்ரேட்டும் வைத்துக்கொண்டால் நேரக்கூடியது மேலே சொல்லப்பட்டது.

தமிழ்நாடு அரசு 2021 ஆகத்து 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், நீரிழிவுக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அந்தப் பணியாளரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ விறைப்புக் குறையைச் சொல்வது வெட்கத்துக்குரியதன்று. சர்க்கரை எப்படி இருக்கிறது என்று சொல்வதைப் போன்றதுதான் அதுவும். பெரும்பாலோருக்கு அங்கேயே செய்யும் எளிய இரத்தச் சோதனைகள் போதும். டாப்ளர் வரை செல்ல வேண்டியவர்கள் சிலரே. அந்தச் சிலரைச் சரியாகப் பிரித்து அனுப்புவதில்தான் இச்சோதனையின் பயன் அடங்கியுள்ளது.